சோதனைக்கு முந்தின நாட்களைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் கிறிஸ்தவ வாழ்க்கையில் சோதனைகளை வெல்வது குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் "சோதனை வரும் நேரத்தில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றால் போதும், தேவன் பார்த்துக்கொள்வார்" என்று அது முடிந்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நேரம் வருவதற்குள் பாதிக்கும் மேல் தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் வேதம் முழுக்க நான் பார்ப்பது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சபையில் பல வருடங்களாக வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். ஒரே விஷயத்தை இந்த இரண்டு இடங்களிலும் பார்த்ததால்தான் எழுதத் துணிந்தேன்.

அலுவலகப் பணத்தைக் கையாடியவர்கள் பலரை என் வேலையில் நேருக்கு நேர் உட்கார்ந்து விசாரித்திருக்கிறேன். திருட வேண்டும் என்று வேலைக்கு வந்தவர் அவர்களில் அபூர்வம். ரொக்கப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "மாதக் கடைசியில் வைத்துவிடுகிறேன்" என்று தேதியோடு, கையெழுத்தோடு, ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருப்பார். சொன்னபடியே வைத்தும் விடுவார். யாரும் கேட்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை சீட்டு எழுதுவார், தேதி போடமாட்டார். அதற்கு அடுத்த முறை சீட்டே இருக்காது. அப்புறம் ஒரு பழைய வவுச்சரில் எண் திருத்தப்படும், அதை மறைக்க இன்னொன்று. நாங்கள் போய் உட்காரும்போது அந்த மனிதர் திருடுவதற்காக அல்ல, ஏற்கெனவே எடுத்ததை மூடுவதற்காகவே இரவும் பகலும் பாடுபட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி ஒருவரிடம், இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். முதன்முதலில் பணம் எடுத்த தேதியைச் சொல்வார் என்று பேனாவோடு காத்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெட்டிக்கு ரெண்டாவது சாவி வேண்டாம், நானே வெச்சுக்கிறேன்னு சொன்னேனே, அன்னைக்குதான் சார்" என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் கழித்துத்தான் அவர் பணத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் தன் வீழ்ச்சியின் முதல் நாள் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் 14, 15 வசனங்களைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வரும். "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." பிறகு இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் முற்றி மரணத்தைப் பிறப்பிக்கிறது. கர்ப்பத்துக்கும் பிறப்புக்கும் நடுவில் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆலயத்துக்கு வருவார், பாட்டுப் பாடுவார், ஜெபிக்கவும் செய்வார். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும்.

யோசுவா 7-ஆம் அதிகாரத்தில், எரிகோ பட்டணத்தில் எடுக்கக்கூடாதென்று விலக்கப்பட்ட பொருட்களைத் திருடிய ஆகான் பிடிபட்டபோது கொடுத்த வாக்குமூலத்தைப் பாருங்கள். ஒரு நேர்த்தியான பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையுள்ள ஒரு பொன் பாளம். கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன், கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்து வைத்தேன் என்கிறான். தணிக்கைக்காரனாக நான் படித்த எந்த வாக்குமூலமும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. அந்தச் சால்வையை அவன் ஒரு நாளாவது தோளில் போட்டிருக்க முடியுமா? பாளயத்தில் எல்லாருக்கும் அது எரிகோவின் சால்வை என்று தெரிந்துவிடும். போட்டுக்கொள்ளவே முடியாத ஒன்றுக்காக அவன் குடும்பமே அழிந்தது. ஏதேனில் நடந்ததும் இதே வரிசைதான். கனி பார்வைக்கு இன்பமாக இருந்தது, இச்சிக்கப்படத்தக்கதாக இருந்தது, ஏவாள் பறித்தாள், புசித்தாள், அப்புறம் அவளும் ஆதாமும் ஒளிந்துகொண்டார்கள்.

ஆகவே சோதனையை அடையாளம் காண்பது என்றால் அந்த வரிசையின் ஆரம்பப் படிகளை அடையாளம் காண்பது. கடைசிப் படியை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தாவீது ராஜாவின் கதையை எங்கள் வகுப்பில் படிக்கும்போது, அவன் எங்கெங்கே நின்றிருக்கலாம் என்று ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். இரண்டாம் சாமுவேல் 11. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் என்று ஆரம்பிக்கிறது. படைத்தலைவன் யோவாபையும் படையையும் அனுப்பிவிட்டு தாவீது எருசலேமில் இருந்துவிட்டான். முதல் கோடு அங்கேயே. சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரண்மனை மாடியில் உலாவுகிறான். ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கிறான். பார்த்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு கீழே இறங்கிப் போயிருக்கலாம். யார் அவள் என்று விசாரிக்க ஆள் அனுப்புகிறான். ஒருவன் வந்து சொல்கிறான்: அவள் பத்சேபாள், எலியாமின் குமாரத்தி, ஏத்தியனான உரியாவின் மனைவி.

இந்தப் பதிலை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். உரியா யாரோ ஒருவன் அல்ல. 23-ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேரின் பட்டியல் வருகிறது, அதில் கடைசிப் பெயர் உரியா. தனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்து, அந்த நேரத்தில் போர்க்களத்தில் நிற்கிற ஒருவனின் பெயர் ராஜாவின் காதில் விழுகிறது. பவுல் முதலாம் கொரிந்தியர் 10:13-இல், சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று எழுதினாரே, அன்றைக்குத் தாவீதுக்கு அந்தப் போக்கு ஒரு வேலைக்காரனின் ஒற்றை வாக்கியமாக வந்தது. அவன் அதைக் கேட்டான், தாண்டிப் போனான், அவளை அழைப்பித்துத் தவறு செய்தான். நமக்கு வரும் போக்கும் பெரும்பாலும் இப்படித்தான் சாதாரணமாக வருகிறது. அந்த நேரம் பார்த்து அடிக்கும் போன், "இன்னும் தூங்கலையா?" என்று அடுத்த அறையிலிருந்து வரும் குரல், திடீரென்று நினைவுக்கு வரும் ஒரு பெயர். வானத்திலிருந்து ஏதாவது இறங்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதையெல்லாம் தொந்தரவு என்று தள்ளிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் சிலர் பத்சேபாள்மேல் பழி போடுகிறார்கள். தன் வீட்டு அடிமையான யோசேப்பைத் தன்னோடு சயனிக்க அழைத்த போத்திபாரின் மனைவியை வைத்துப் பெண்கள் எல்லாருக்கும் எச்சரிக்கை விடுக்கிறவர்களும் உண்டு. நாத்தான் தீர்க்கதரிசி ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றது தாவீதைப் பார்த்து. யாக்கோபு சொன்னது "சுய இச்சை" என்று. இயேசு மலைப்பிரசங்கத்தில் உன் கண் உனக்கு இடறலுண்டாக்கினால் என்றுதான் சொன்னார், எதிரே நிற்பவளின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் இச்சைக்கு அடுத்தவரைப் பொறுப்பாக்குகிறவர் சோதனையை அடையாளம் காணவே தொடங்கவில்லை என்பேன். அதைப் பிரசங்க மேடையிலிருந்தே கற்றுக்கொடுத்தால் கேட்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

யோசேப்பு ஓடிப்போனது எல்லாருக்கும் தெரியும். வஸ்திரத்தைப் போத்திபாரின் மனைவியின் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவள் "நித்தம் நித்தம்" பேசிக்கொண்டு வந்தாள், அவனோ அவளுடனே சயனிக்கவும் அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை. "இருக்கவும்" என்பதைக் கவனியுங்கள். அவன் அந்த வீட்டில் அடிமை, வேலையை விட்டுப் போக முடியாது, முழு வீடும் அவன் பொறுப்பில். அப்படியிருந்தும் அவளோடு தனியாக இருக்கும் சூழ்நிலையைத் தவிர்க்க நாள்தோறும் வழி தேடியிருக்கிறான். கடைசி நாளில் ஓடிய கால்களுக்கு முந்தின நாட்களிலேயே பழக்கம் இருந்தது.

அவனுக்கு என்ன கிடைத்தது? சிறை. அவனோடு சிறையிலிருந்த, ராஜாவின் பானபாத்திரக்காரன் விடுதலையாகிப் போன பிறகும் இரண்டு வருடம் யாரும் அவனை நினைக்கவில்லை. பாவத்துக்கு விலகினால் உடனே ஆசீர்வாதம் என்று வாலிபர்களிடம் சொல்லாதீர்கள் என்று போதகர்களை நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். பொய்க் கணக்கு எழுத மறுத்ததால் வேலை உயர்வை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தவறு செய்யவில்லை, தேவன் அவர்களைக் கைவிடவும் இல்லை. ஆனாலும் இழந்தார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான், இழப்பு வரும்போது பிள்ளைகள் ஏமாந்துபோகமாட்டார்கள்.

கட்டுரையாளர் "எதிர்த்து நில்" என்ற வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிறது வேதம், உண்மை. ஆனால் வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் என்கிறது. பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பண ஆசையைப் பற்றிப் பேசிவிட்டு, தேவனுடைய மனுஷனே, இவைகளை விட்டோடு என்கிறார். உடலையும் பணத்தையும் பற்றிய ஆசைகளில் நின்று பலம் காட்டச் சொல்லவில்லை, இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார். "அதை வெறுத்துவிடு, அதின் வழியாய்ப் போகாதே" என்று நீதிமொழிகள் 4:15 சொல்வதும் இதைத்தான். தன் உறுதியைச் சோதித்துப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவருக்குத்தான் பவுல், நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன் என்றார்.

எங்கள் வகுப்பில் ஒரு வாலிபர் போனில் சூதாட்டச் செயலிக்கு அடிமையாகிக் கடனில் விழுந்திருந்தார். பல முறை கண்ணீரோடு ஜெபித்தார், பல முறை திரும்பிப் போனார். ஒரு நாள் நாங்கள் வேறு மாதிரிப் பேசினோம். "எந்த நேரத்தில் கை போகிறது?" என்று கேட்டேன். அவரே இதுவரை யோசித்திருக்கவில்லை. யோசித்துச் சொன்னார்: சம்பளம் ஏறிவிட்டது என்று வங்கிக் குறுஞ்செய்தி வந்த அடுத்த ஒரு மணி நேரம். அப்புறம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு இரவில் தனியாகப் படுத்திருக்கும் நேரம். சரி, அந்த இரண்டு நேரத்துக்கும் ஏற்பாடு செய்வோம் என்றேன். செயலியை எடுத்தார். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி அவருடைய அக்காவிடம் கொடுத்தார். சம்பளச் செய்தி வந்ததும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் செய்வது என்று முடிவானது. இரவில் போன் கூடத்தில் இருக்கும். கூடவே, அடிமைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் போனார். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று அவரைச் சிலர் கடிந்துகொண்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். களைத்துப்போய், இனி சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். தூங்கவும் விட்டான். பிரசங்கம் பண்ணவில்லை.

சமாளிக்கும் வழியில் வசனத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். பெரிய இடம். வனாந்தரத்தில் 40 நாள் உபவாசத்துக்குப் பிறகு இயேசுவுக்கு வந்த சோதனை, அப்பம் என்ற நியாயமான தேவையில் ஆரம்பித்தது. சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான். ஆகவே வசனம் தெரிந்திருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 வருடம் பசித்து, முறுமுறுத்து, தேவனைப் பரீட்சை பார்த்ததைப் பற்றி மோசே பேசும் பகுதி அது. தாம் நிற்கும் இடத்துக்குப் பொருந்தும் வசனங்களை அவர் இருதயத்தில் வைத்திருந்தார்.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவிகள் இதைப் பெரிய பயிற்சியாகவே செய்தார்கள். அவர்களில் எவாக்ரியுஸ் என்பவர், மனிதனைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. ஒவ்வொரு எண்ணத்துக்கும் திருப்பிச் சொல்லவேண்டிய வேத வாக்கியங்களைத் தொகுத்து வைத்தார். நடுப்பகலில் வரும் சோர்வையும் அவர் ஒரு சோதனையாகப் பட்டியலிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை ஓடாத, மனம் எதிலும் ஒட்டாத அந்த மந்த நேரத்தில்தான் இன்றைக்கும் பலர் கை போனைத் தேடுகிறது. அந்தத் துறவிகள் தங்கள் எண்ணங்களை மூத்த ஒருவரிடம் மறைக்காமல் சொல்வதையும் வழக்கமாக வைத்திருந்தார்கள்.

நம் சபைகளில் இல்லாதது இந்தக் கடைசிப் பழக்கம்தான். நான் இந்தக் கடிதத்தை எழுத முக்கியக் காரணமும் அதுதான். ஒருவர் விழுந்த பிறகு ஊரே பேசுகிறது. விழுவதற்கு முன்னால் அவர் யாரிடம் போய், "எனக்கு இப்படி ஓர் எண்ணம் வருகிறது" என்று சொல்ல முடியும்? ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. வீட்டில் சொன்னால் அடி விழும், போதகரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் வந்துவிடும், நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், நான் யாரிடம் சொல்வது? இதில் அந்தப் பிள்ளை செய்த தவறு எதுவும் இல்லை. எண்ணம் வந்ததற்கே தான் கெட்டுப்போய்விட்டதாக நினைத்து ஒடுங்கிக்கிடந்தது. எபிரெயர் 4:15-ஐ எடுத்துக் காட்டினேன். எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருக்கிறவர் என்று இயேசுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறதே, சோதிக்கப்படுவதே பாவம் என்றால் அவரைப் பற்றி இப்படி எழுத முடியுமா என்று கேட்டேன். அந்த முகத்தில் வந்த ஆறுதலை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்கிறார் பவுல், கலாத்தியர் 6:1-இல். அதே வசனத்தில், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிரு என்றும் சேர்த்திருக்கிறார். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. ஒவ்வொரு சபையிலும் வாய் காக்கத் தெரிந்த, அதிர்ச்சியடையாமல் கேட்கத் தெரிந்த இரண்டு பேரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், இதற்கென்றே நியமிக்க முடியாதா? பாடகர் குழுவுக்கும் கட்டட நிதிக்கும் நாம் எடுக்கிற முயற்சியில் ஒரு பங்கு போதும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு சபையில் நான் சொன்னபோது, "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு மூப்பர் கோபப்பட்டார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போக விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று இரண்டாம் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காரணமும் எழுதியிருக்கிறார். பவுலுக்கே இரண்டாவது சாவி தேவைப்பட்டது என்று அந்த மூப்பரிடம் சொன்னேன். அந்த சபையில் இப்போது இருவர் எண்ணுகிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, வாசகர்கள் தங்கள் போராட்டங்களைப் பெயர் வெளியிடாமல் எழுதவும், அனுபவமுள்ள போதகர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்லவும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். எழுதுகிறவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு வெளியிடுவது எப்படி என்று தங்களுக்குத் தெரியும். கடிதங்களைப் பிரித்துப் படித்து வகைப்படுத்தும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் சம்பளமில்லாமல் செய்யத் தயாராக இருக்கிறேன். இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்